பொறிமொழிகளில் பொருளொப்புமை

திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய வேகா நுண்செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதியைப் பின்பற்றுவன. இன்டெல், ஆர்ம் செயலிகளின் பொறிமொழிகள் வேறு. ஆதலின் கம்பைலரால் மொழிபெயர்க்கப்படும் ஒரே மூலநிரல் மூன்றிலும் வெவ்வேறு வடிவம் பெறுகிறது. மூலத்திலுள்ள பிழையோ மூன்றிலும் தொடர்கிறது.

மூலநிரல் கிடைக்காதவிடத்து, ஆணைக்கு ஆணை ஒப்பிடுதல் பயன்தராது. எனவே பொறிமொழி வடிவங்களைப் பொது இடைமொழிக்கு மாற்றி ஒப்பிடுவர். ஐதராபாத் ஐ.ஐ.டி. ஆய்வாளர் முதலியோர் 2023இல் வெளியிட்ட வெக்ஸ்ஐஆர்டுவெக் இம்முறையினது.

எனினும் ஒப்புமை மட்டும் போதாது. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறைபாடு, விடுபட்ட அளவுச் சரிபார்ப்பைச் சேர்த்தே நீக்கப்பட்டது. 'செய்வான்', 'செய்யான்' என்பன வடிவில் நெருங்கிப் பொருளில் முரணுதல்போல, குறையுள்ள நிரலும் திருத்திய நிரலும் பெரிதும் ஒத்திருக்கும். அச்சிறு வேறுபாட்டை இனங்காண்பதிலேயே பாதுகாப்பு அடங்கியுள்ளது.