பருமனும் பழிச்சொல்லும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலான எமது கரையோர ஊர்களின் விருந்து வீடுகளில், உடல் பருத்த பிள்ளையொன்று இன்னொரு அகப்பை சோற்றுக்குக் கை நீட்டினால் கேலிப் பேச்சு எழத் தவறுவதில்லை. வாயைக் கட்டத் தெரியாதவர் என்பதே பருமனானவர் மீது நாம் வழங்கிவரும் தீர்ப்பு. மூளை பற்றிய ஆய்வுகள் அத்தீர்ப்பை மீளாய்வு செய்யுமாறு எம்மைக் கேட்கின்றன.

1994இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் தலைமையிலான குழுவினர் லெப்டின் எனும் ஓமோனைக் கண்டறிந்தனர். உடற்கொழுப்பில் சுரக்கும் இது, குருதி வழியே மூளையின் ஹைப்போதலமஸ் பகுதியை அடைந்து, சேமிப்புப் போதுமென அறிவிக்கின்றது. அச்செய்தி கிட்டாத மூளை, உடல் பட்டினியில் கிடப்பதாகவே கருதிப் பசியைத் தூண்டும்.

உறவுக்குள் மணமுடித்து வந்த பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பமொன்றின் இரு பிள்ளைகளைப் பற்றி 1997இல் கேம்பிரிஜ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவர்களுள் 8 வயதுச் சிறுமியின் நிறை 86 கிலோ. இருவரிடமும் லெப்டினை உருவாக்கும் பரம்பரை அலகு பழுதுற்றிருந்தது. பின்னர் லெப்டின் ஊசி ஏற்றப்பட்டபோது, அச்சிறுமியின் நிறை ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. அதுவரை அவளை ஏசியவர்கள் எவராயினும், அவர்கள் ஏசியது ஒரு நோயையே.

இக்குறைபாடு மிக அரிதானது. பருமனானோரில் பெரும்பாலோருக்கு லெப்டின் மிகுதியாகவே உண்டு. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நிறை குறையும்போது பசி கூடுகின்றது. உடலும் சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுகின்றது. உணவைக் குறைத்து மெலிந்தவர் மீண்டும் பருப்பது பெரும்பாலும் இதனாலேயே.

எனவேதான் மருந்துகள் மூளையை நாடுகின்றன. அவ்வழி ஆபத்தற்றதன்று. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ரிமோனபன்ட், மன அழுத்தம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைத் தூண்டும் அபாயம் காரணமாக 2008இல் நிறுத்தப்பட்டது. 2021இல் நிறை குறைப்புக்கென அமெரிக்கா அனுமதித்த செமாகுளுடைட், குடலில் சுரக்கும் ஓமோனொன்றைப் போன்று செயற்பட்டுப் பசியைத் தணிக்கின்றது. 68 வார ஆய்வொன்றில் இது சராசரியாக 15 சதவீத நிறையைக் குறைத்தது. ஆனால் ஊசியை நிறுத்தியோருக்கு, இழந்ததில் மூன்றில் இரு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. இம்மருந்தின் போலிகள் குறித்து 2024இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே, வைத்தியரின் ஆலோசனையின்றி எவரும் இத்தகைய ஊசிகளை நாடலாகாது. சீனித் தேநீரையும் பொரித்த பண்டங்களையும் குறைப்பதும், பெண்கள் தயக்கமின்றி நடப்பதற்குக் கடற்கரையில் இடமும் நேரமும் ஒதுக்குவதும் ஊர் கூடினால் இயலக்கூடியவையே. அதற்கு முன்பாக, பந்தியில் அமர்ந்திருக்கும் அப்பிள்ளையைக் கேலி செய்வதை நாம் நிறுத்த வேண்டும். அதற்கு மருந்தும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.