யாருமற்ற வீட்டின் குரல்

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' என்னும் விஞ்ஞானச் சிறுகதை 1950ஆம் ஆண்டு வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட அக்கதையை அண்மையில்தான் வாசித்தோம். அன்றிரவு உறக்கம் எளிதில் வரவில்லை.

கலிபோர்னியாவில் ஒரு தானியங்கி வீடு. 2026 ஆகஸ்ட் 4ஆம் நாள் காலை ஏழு மணிக்கு அது குடும்பத்தாரைத் துயிலெழுப்புகிறது. எட்டு முட்டைகளைப் பொரித்து வைக்கிறது. உண்ண எவரும் வருவதில்லை. அணுகுண்டு வெடிப்பில் நகரமே அழிந்துவிட்டது. கருகிய மேற்குச் சுவரில் ஐந்து இடங்களில் மட்டும் பழைய வண்ணம் எஞ்சியிருக்கிறது: புல் வெட்டும் தந்தை, பூப்பறிக்கக் குனிந்த தாய், கைகளை உயர்த்திய சிறுவன், அவன் எறிந்த பந்து, அதைப் பிடிக்க நிற்கும் சிறுமி. (பிற்காலப் பதிப்பு ஒன்றில் கதையின் ஆண்டு 2057 என மாற்றப்பட்டது. வங்கியாளர் கண்ணுக்கு அது தவணை நீட்டிப்பாகவே தெரிகிறது.)

அந்தச் சுவர் எவரையும் கலங்கச் செய்யும். ஆனால் நம்மை உலுக்கியது அதற்கும் முன்னால் வரும் ஒரு சிறு பகுதி. சமையலறையில் ஒலிக்கும் குரல், இன்று இன்னாருக்குப் பிறந்தநாள் என்கிறது. காப்பீட்டுத் தவணையும் தண்ணீர், எரிவாயு, மின்கட்டணங்களும் செலுத்த வேண்டிய நாள் என நினைவூட்டுகிறது. இருபது ஆண்டுகளாக வங்கிப் பணியில் இருக்கும் நமக்கு அக்குரல் நன்கு பழக்கமானது. நம் கணினிகள் நாள்தோறும் அனுப்புவதும் அவற்றைத்தானே!

சென்ற ஆண்டு மூதாட்டி ஒருவர் நமது கிளைக்கு வந்து, கணவரின் கைப்பேசியை மேசைமீது வைத்தார். "பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறீர்கள், ஐயா. அவர் போய் மூன்று மாதமாகிறது" என்றார். கணக்கிலிருந்து காப்பீட்டுத் தவணையும் மாதந்தோறும் தானாகவே பற்று வைக்கப்பட்டிருந்தது. மரணச் செய்தி கிளைக்கு வந்து சேராததால் கணினி வழக்கம்போல் இயங்கியது என்று விளக்கினோம். விளக்கம் சரியானதே, ஆயினும் சொல்லும்போது நம் குரல் தாழ்ந்தது. நியமனதாரராக அவர் பெயரே பதிவாகியிருந்தமையால், இறப்புச் சான்றிதழும் உரிய படிவங்களும் பெற்றுக் கணக்கைச் சிரமமின்றி முடித்துக்கொடுத்தோம்.

கதையின் இறுதியில் வீடும் தீக்கிரையாகிறது. எஞ்சிய ஒரு சுவரிலிருந்து ஒரேயொரு குரல், மறுநாளின் தேதியை மட்டும் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவ்விடத்தை வாசித்தபோது அந்த அம்மையாரே நினைவுக்கு வந்தார். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. இனி இத்தகைய செய்திகள் வாராமல் நிறுத்திவிடுகிறோம் என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, வந்திருக்கும் வாழ்த்தை மட்டும் அழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.