எந்த மைல்?

மாணவர்களே, 56⅔ மைல் என்பது எத்தனை கிலோமீட்டர்? உடனே 1.609 ஆல் பெருக்கி, சுமார் 91 என்று விடை சொல்வீர்கள். ஆனால் பெருக்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த மைல்?

இந்தக் கேள்வியில் தவறிய ஒருவர் 1492-ஆம் ஆண்டு மூன்று கப்பல்களுடன் அட்லாண்டிக் மாகடலில் இறங்கினார். அவர்தான் கொலம்பஸ்.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வானியல் அறிஞர் அல்-ஃபர்கானி, பூமியின் சுற்றளவில் ஒரு பாகையின் நீளம் 56⅔ மைல் என்று எழுதினார். வட்டத்துக்கு 360 பாகை அல்லவா? எனவே ஒரு பாகையின் நீளம் தெரிந்தால் பூமியின் சுற்றளவும் தெரிந்துவிடும். அவர் சொன்னது அரபு மைல். அது இன்றைய அளவில் ஏறக்குறைய 1,970 மீட்டர்.

கொலம்பஸோ அதை இத்தாலிய மைல் என்று கொண்டார். பழைய ரோமானியரின் வழிவந்த அந்த மைல் சிறியது. சுமார் 1,480 மீட்டர்தான். இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அரபு மைல்: 56⅔ × 1,970 × 360 = சுமார் 40,200 கிலோமீட்டர்.

இத்தாலிய மைல்: 56⅔ × 1,480 × 360 = சுமார் 30,200 கிலோமீட்டர்.

பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆக, அளவை மாறியதால் கொலம்பஸின் பூமி கால் பங்கு சுருங்கிவிட்டது! ஆசியா கிழக்கே மிக நீண்டு கிடப்பதாகவும் அவர் நம்பினார். இரண்டு தவறும் சேர்ந்து, கானரித் தீவுகளிலிருந்து மேற்கே ஜப்பான் சுமார் 4,450 கிலோமீட்டர் என்று அவருக்குக் கணக்குக் காட்டின. உண்மைத் தூரமோ 19,000 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரத்துக்கு உணவும் குடிநீரும் அக்காலக் கப்பல்களில் ஏற்றிச்செல்ல முடியாது. வழியில் ஐரோப்பியர் அறியாத அமெரிக்கக் கண்டம் குறுக்கிட்டதால் மாலுமிகள் உயிர் தப்பினர். கானரித் தீவுகளை விட்ட 36-ஆம் நாள் அவர்கள் பகாமாஸ் தீவு ஒன்றில் கரையேறினார்கள்.

இன்றும் மைல் ஒன்றல்ல. தரை மைல் 1,609 மீட்டர். கடல் மைல் 1,852 மீட்டர். நூறு மைலில் இவற்றின் வேறுபாடு 24 கிலோமீட்டரைத் தாண்டும். ஆகவே பழைய நூலானாலும் புதிய செய்தியானாலும், ஓர் அளவைக் கண்டால் அது யாருடைய அளவை என்று முதலில் கேளுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு பாகைக்கு 60 கடல் மைல். அதைக் கிலோமீட்டராக மாற்றி, அல்-ஃபர்கானியின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் எவ்வளவு நெருங்கி வந்திருந்தார் என்பது புரியும்.