ஒரே நாளில் 768 சாவு: 1918-ல் பம்பாய் பட்ட பாடு

1918 ஜூன் மாதக் கடைசி. பம்பாயில் ஆபீசுக்கு ஆபீஸ் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. குமாஸ்தாக்கள் வரவில்லை என்று மேலதிகாரிகள் புலம்பினார்கள். வேலைநிறுத்தம் ஒன்றும் இல்லை, காய்ச்சல்தான். ஜூன் 10-ந் தேதி, துறைமுகத்தில் காவல் நின்ற ஒருவர் உட்பட ஏழு போலீஸ் சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் கப்பல் கம்பெனி, துறைமுக டிரஸ்ட், தந்தி ஆபீஸ், நாணயச்சாலை, பஞ்சாலை என்று வரிசையாகப் படுத்துவிட்டது.

அது முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு. மெசபடோமியாவுக்குப் பட்டாளமும் தளவாடமும் இந்தத் துறைமுகம் வழியாகவே போயின. காயம்பட்டவர்கள் திரும்பியதும் இதே வழிதான். நகரசபையின் சுகாதார அதிகாரி டாக்டர் டர்னர், மே மாத இறுதியில் வந்த ஒரு கப்பல்தான் நோயை இறக்கிவிட்டது என்றார். சர்க்கார் தரப்போ, கப்பலில் வந்தவர்களுக்கு ஊருக்குள்தான் தொற்றியது என்று வாதாடியது. பழியை யார் தலையில் கட்டுவது என்று இவர்கள் தர்க்கம் செய்துகொண்டிருக்கையில், ஜூலை ஆரம்பத்தில் நாளொன்றுக்கு 230 பேர் இறந்தார்கள்.

பிறகு சற்றே தணிந்தது. தப்பித்தோம் என்று நினைத்த ஊரின் மேல் செப்டம்பரில் இரண்டாவது அலை அடித்தது. அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது. தானியம் எட்டாத விலை. டாக்டர்களில் பலர் போர்முனையில். அக்டோபர் 6-ந் தேதி ஒரே நாளில் பதிவான சாவு 768. பத்து லட்சம் பேர் வசித்த நகரம் அது! உயிருக்குப் பயந்து ரயிலேறியவர்களோடு நோயும் ரயிலேறிற்று. இருப்புப்பாதை போன இடமெல்லாம் அதுவும் போயிற்று என்று சர்க்கார் அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன.

இதையெல்லாம் கணக்கெடுத்தது எப்படி? சாவு பதிவாகும், காரணம்தான் தகராறு. டாக்டரே பார்க்காத நோயாளிக்கு டாக்டர் சர்டிபிகேட் ஏது? 'காய்ச்சல்', 'மூச்சு நோய்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆகவே வேறு வழி கண்டார்கள். வழக்கமான ஆண்டுகளில் இதே மாதங்களில் எத்தனை சாவு, இப்போது எத்தனை என்று கழித்துப் பார்த்தார்கள். மிஞ்சியது இன்புளூயன்சாவின் கணக்கு. 2020-ல் கொரோனா வந்தபோதும் உலகம் முழுவதும் நிபுணர்கள் செய்தது இந்தக் கழித்தலைத்தான்.

அந்தக் கணக்கில் ஒரு பட்டியல் இன்றைக்குப் படித்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பம்பாயில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று சமூகவாரியாகப் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, முஸ்லிம்கள் 19.2, சாதி இந்துக்கள் 18.9. தாழ்ந்த சாதி என்று அன்று எழுதப்பட்டவர்கள் 61.6. நோய் ஆள் பார்த்து வந்ததில்லை; வீடு பார்த்து வந்தது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்து தாராவியில் குடியேறிய நம்மவர்களுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. எந்த வரியில் அடங்கினார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். இந்தியா முழுவதுமே ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள், அதிலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள். வீட்டில் அத்தனை பேரையும் கவனித்தவள் அவள். கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டவளும் அவளே. கர்ப்பிணிகளுக்கு அந்தக் காய்ச்சல் எமன் என்பது எல்லா நாடுகளிலும் கண்ட அனுபவம். ஆனால் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் அங்கே இறந்தால் பம்பாய்ப் பதிவேட்டில் அவள் ஏறமாட்டாள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1921-ல் பம்பாயில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 667 சாவு என்று கணக்கு வந்தது. ஊரில் பெற்று இங்கே தூக்கிவந்த குழந்தை இறந்தால், பிறப்பு அந்த ஊரில், சாவு இந்த ஊரில். எனவே எண் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும். அப்படியே கழித்துக்கொண்டாலும், ஒற்றை அறைக் குடித்தனத்தில் 828, நாலு அறை வீட்டில் 133 என்ற வித்தியாசத்துக்குச் சமாதானம் கிடையாது. நவ்ரோஜி வாடியா பிரசவ ஆஸ்பத்திரி பரேலில் 1926-ல் வந்தது. ஆலைப் பெண்களுக்குப் பிரசவகால உதவிச் சட்டம் 1929-ல்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தபோது, நகராட்சிக்காரர்கள் வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். நோய் தேடி வருமுன் நோயைத் தேடிப் போனார்கள். ஆனால் கையில் இருந்த சட்டம் 1897-ல் பிளேக்குக்காகப் போட்ட பழைய சட்டம். ரயிலில் ஊர் திரும்பிய கூட்டமும் பழைய காட்சியே.

இன்று மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் காரணம் எழுதித் தரும் படிவம் உண்டு. இறந்தவர் பெண்ணானால் அதில் இரண்டு கேள்விகள் கூடுதலாக இருக்கும்: கர்ப்பத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு உண்டா? பிரசவம் நடந்ததா?