வேடிக்கை பார்ப்போரா, பங்குடையோரா?

2023-ஆம் வருஷம் ஜூலை மாதம் 14-ஆம் தேதி பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கலத்தைத் தாங்கிய ராக்கெட் கிளம்பியபோது, சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் ஜனங்கள் அதைத் தொலைக்காட்சியில்தான் காண நேர்ந்தது. சென்னைவாசிகள் மாடியேறி நின்றால் வடதிசையில் எழும் புகைக்கோட்டைக் காணக்கூடும். சேலத்திற்கோ இடைத்தூரம் நேர்க்கோட்டிலேயே 300 கிலோமீட்டருக்கு மேல். அத்தூரத்தில் ராக்கெட் ஏறும் முதல் ஏழெட்டுக் கிலோமீட்டரைப் பூமியின் வளைவே மறைத்துவிடும். அதன்பின் அது கிழக்கே கடலை நோக்கி விலகி ஓடுகிறது. ஆகவே, இம்மாபெரும் காரியத்தில் நமது சீமைக்கு வாய்த்தது தூரத்து வேடிக்கை ஒன்றே எனச் சிலர் கருதலாம். அது பிழையான எண்ணம் என்று நாம் உறுதியாகச் சொல்வோம்.

நாமக்கல் ஜில்லாவின் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களில் அனார்த்தோசைட் என்னும் வெண்ணிறப் பாறை இருக்கிறது. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. சந்திரனில் வெளுப்பாகத் தோன்றும் மேட்டு நிலங்களும் இவ்வினப் பாறையால் ஆனவையே. ஆதியில் சந்திரன் தீக்குழம்பாயிருந்தபோது, கனம் குறைந்த படிகங்கள் பாலாடை போல் மேலே மிதந்து உறைந்தன என்பர் விஞ்ஞானிகள். அந்நிலத்தில் இறங்கும் கலத்தின் கால் ஊன்றுமா, வண்டியின் சக்கரம் புதையுமா என்று முன்னதாகவே சோதித்தறிய, அதே தன்மையுள்ள மண் தேவைப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையாரின் உதவியால், 2012 முதல் சுமார் 50 டன் மண் இஸ்ரோவுக்குச் சென்றது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் இறங்குகலம் விழுந்து போயிற்று, முயற்சி நிற்கவில்லை. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை, விக்ரம் கலம் சந்திரனின் தென்துருவப் பிரதேசத்தில் செவ்வனே இறங்கிற்று. அவ்வெற்றியில் நமது ஊர்க் கல்லுக்கும் பங்குண்டு.

கல்லுக்குக் கிடைத்த கௌரவம் அக்கல்லின்மேல் வாழும் ஜனங்களைச் சேர்ந்ததா என்பதே கேள்வி. தன் ஊர்க் கல் எக்காரணத்தால் சந்திரனின் கல்லை ஒத்திருக்கிறது என்பதை அவ்வூர்க் குடியானவனின் பிள்ளை தமிழிலே படித்தறிய வேண்டாமா? அறியாதவரையில் அது ஜல்லிக்கு உடைக்கும் கல்லாகவே அவன் கண்ணுக்குத் தோன்றும். உடைத்து விற்ற பாறையை எந்தச் சர்க்காராலும் மீண்டும் படைத்துத் தர இயலாது.

ஆகவே, நாம் கோருபவை மூன்று. திருவக்கரையின் கல்மரங்கள் தேசியச் சின்னமாகக் காக்கப்படுவது போல், சித்தம்பூண்டிப் பாறையில் ஒரு பகுதியேனும் காக்கப்பட வேண்டும். அதன் வரலாறு இவ்விரு ஜில்லாக்களின் பள்ளிகளில் எளிய தமிழில் போதிக்கப்பட வேண்டும். ராக்கெட் கிளம்புவதைப் பொதுஜனங்கள் காண்பதற்கென ஸ்ரீஹரிகோட்டாவில் 2019-இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடத்திற்கு, இக்கிராமங்களின் மாணவர்களை ஆண்டுதோறும் பொதுச் செலவில் அழைத்துச் செல்ல வேண்டும்.

மண்ணைக் கொடுத்தவர்கள் இவற்றைக் கேட்பது யாசகமன்று, உரிமை. கல்விச் செல்வர்களும் ஜில்லா அதிகாரிகளும் இதைத் தம் கடமையெனக் கொண்டு இவ்வாண்டே தொடங்குவார்களாக.