மொழிக்கும் உண்டு குடிமராமத்து

கோடையில் ஏரி வற்றியதும் ஊர் கூடி வண்டல் வாரி, கரையின் பள்ளங்களை அடைத்து, மதகைச் செப்பனிடுதல் நம் முன்னோர் கண்ட முறையாகும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 'குடி' என்பது செந்தமிழ்ச் சொல்; 'மராமத்து' என்பது அரபு, பாரசீக வழியில் வந்து தமிழோடு ஒன்றிவிட்ட சொல். பாகூர் ஏரியின் பாசனத்தை அறிந்த புதுவை மக்களுக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழை வந்தபின் கரையை நோக்குவது மராமத்து ஆகாது. மழைக்கு முன்பே நாள் குறித்துச் செய்வதுதான் மராமத்து. ஏரிக்குரிய இம்முறை கணிப்பொறியின் நிரல்மொழிக்கும் உண்டு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனுக்கு நிரல்மொழியோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். பண்டசோழநல்லூரைச் சேர்ந்த என் மாணவர் ஒருவர் 2015ஆம் ஆண்டில் தம் ஊர் முதியவர்களிடம் வழங்கும் உழவுச் சொற்களைத் திரட்டினார். மடை, கலங்கல், வரப்பு, பரம்பு, நாற்றங்கால் எனத் தொடங்கி நூற்றுக்கணக்கான சொற்கள் சேர்ந்தன. அவற்றை எண்ணி வரிசைப்படுத்தப் 'பைத்தான்' என்னும் நிரல்மொழியில் தாமே ஒரு நிரல் எழுதிக் கணிப்பொறியில் ஏற்றினார். கையேடு அவ்வாண்டின் பெருமழையில் நனைந்து அழிந்தது. கணிப்பொறியில் இருக்கிறதே என்று நாங்கள் கவலை கொள்ளவில்லை. 2021இல் அகராதியாக அச்சிட எண்ணிப் புதிய கணிப்பொறியில் அந்நிரலை இயக்கினோம். அது முதல் வரியிலேயே நின்றுவிட்டது. "ஐயா, நான் எழுதினது அப்படியேதான் இருக்குது. மொழிதான் மாறிப்போச்சு" என்றார் மாணவர். அவர் கூற்றின் பொருளை ஆராய்ந்தபோது நான் கற்றவற்றையே இங்குத் தொகுத்துரைக்கின்றேன்.

பதிப்பெண்ணின் இலக்கணம்

பைத்தான், நெதர்லாந்து நாட்டவரான கிடோ வான் ரோசம் என்பவரால் உருவாக்கப்பட்டு 1991இல் வெளிவந்தது. அதன் மூல நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுவதற்கென முத்து அண்ணாமலை அவர்கள் உருவாக்கிய 'எழில்' மொழியும் பைத்தானை அடித்தளமாகக் கொண்டு எழுந்ததே. ஆகவே அடித்தளத்தில் நேரும் மாற்றம் தமிழ்க் கணிமைக்கும் உரியதாகின்றது.

இம்மொழியின் ஒவ்வொரு வெளியீடும் மூன்று எண்களால் குறிக்கப்பெறும். 3.12.10 என்பதை எடுத்துக்கொள்வோம். முதலெண் பெருவரிசையைக் குறிக்கும். அது மாறினால் இலக்கணமே மாறும். இரண்டாம் எண் புதிய வசதிகளைச் சேர்க்கும் பதிப்பைக் குறிக்கும். மூன்றாம் எண்தான் பராமரிப்பு வெளியீடு. இதில் புதிய விதி இல்லை. இருக்கும் விதிகளில் நேர்ந்த வழுக்களைக் களைவதே அதன் பணி. ஏரி உவமையிற் கூறுவதாயின், முதலெண் மாறுவது வேறோர் ஏரி வெட்டுவது. இரண்டாம் எண் மாறுவது புது வாய்க்கால் பிரிப்பது. மூன்றாம் எண் மாறுவது கரையை அடைப்பது.

இங்கு ஒரு நுட்பமும் உண்டு. நெடுநாள் நிலைத்த ஒரு வழுவை நம்பியே பலர் நிரல் எழுதியிருப்பர். அதனைத் திடீரெனத் திருத்தினால் அவை யாவும் கெடும். எனவே அதனைப் பழைய பதிப்பில் அப்படியே விட்டு, அடுத்த புதிய பதிப்பில் மட்டும் திருத்துவதுண்டு. நம் இலக்கணம் கூறும் வழுவமைதியை இது நினைவூட்டுகின்றது.

நாள் குறித்தல்

முன்னர்ப் புதிய பதிப்பு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வந்தது. 2019இல் எடுக்கப்பெற்ற முடிவின்படி, 2020இல் வெளியான 3.9 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில், நம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாகப் புதிய பதிப்பு வெளிவருகின்றது. மே மாதம் முதல் அதில் புதியன சேர்ப்பது நிறுத்தப்பட்டுச் சோதனை மட்டுமே நடைபெறும். ஒவ்வொரு பதிப்புக்கும் வெளியீட்டு மேலாளர் ஒருவர் உண்டு. 3.12, 3.13 ஆகியவற்றுக்குத் தாமஸ் வௌட்டர்ஸ் என்பவரும், 3.14க்கு ஹூகோ வான் கெமனேட் என்பவரும் பொறுப்பேற்றனர். நாள் குறிப்பதும், குறித்த நாளில் எது சேரலாம், எது காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தம் கடமை.

பதிப்பு வெளிவந்தபின் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு வெளியீடு வரும். 3.12 வரையிலான பதிப்புகளுக்கு இது ஒன்றரை ஆண்டும், 3.13 முதல் இரண்டு ஆண்டும் தொடரும். அதன்பின், முதல் வெளியீட்டிலிருந்து ஐந்தாண்டு நிறையும்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வழங்கப்பெறும். அக்காலத்தில் விண்டோஸ் கணிப்பொறிக்குரிய நிறுவு கோப்பும் கிடைப்பதில்லை. மூல நிரல் மட்டுமே கிடைக்கும். சான்றாக, 3.12 என்பது 2023 அக்டோபர் 2இல் வெளியாயிற்று. நிறுவு கோப்புடன் கூடிய அதன் இறுதிப் பராமரிப்பு வெளியீடான 3.12.10, 2025 ஏப்ரலில் வந்தது. 2028 அக்டோபரில் அதன் வாழ்நாள் முடியும். பிறக்கும்போதே இறுதி நாளும் அறிவிக்கப்படுவதுதான் இம்முறையின் சிறப்பு. வீட்டிலிருந்து வேலை செய்யும் தனியாளும், ஆயிரம் கணிப்பொறி உடைய நிறுவனமும் ஒரே அட்டவணையைப் பார்த்துத் திட்டமிட முடிகின்றது.

தாழ்த்தலும் விரைதலும்

எம் நிரல் நின்றது ஏன்? அது 2.7 என்னும் பழைய பதிப்பில் எழுதப்பட்டது. 3ஆம் வரிசை 2008இலேயே வந்துவிட்டது. 2.7இன் பராமரிப்பை 2015இல் முடிக்க எண்ணியிருந்தனர். பலர் மாறாமையால் 2014இல் அதனை 2020 வரை நீட்டித்தனர். 2020 ஏப்ரலில் 2.7.18 இறுதியாக வெளிவந்தது. நாங்களோ ஓராண்டு கழித்துக் கண் விழித்தோம்.

நின்றது பெரிதன்று, அதனை இரண்டு நாளில் திருத்தினோம். மறைந்திருந்த கேடே பெரிது. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாது என வினவினால், நம் இலக்கணம் மூன்றெழுத்து என்னும். ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். 3ஆம் வரிசை 5 என விடையிறுக்கும். பழைய வரிசையோ சாதாரணச் சரமாக எழுதிய சொல்லைச் சேமிப்பு அலகுகளாகவே எண்ணி, வழக்கமான குறியாக்கத்தில் 15 என்னும். மாணவரின் நிரல் அந்த எண்ணிக்கையை நம்பி, நீண்ட சொற்களைப் பாதியில் வெட்டிச் சேமித்திருந்தது. பதினொரு சொற்கள் வாலிழந்து கிடந்தன. கேட்டுத் தெளியலாம் என்று ஊருக்குச் சென்றோம். அவற்றைச் சொன்ன முதியவர்களுள் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர். ஏழு சொற்களை மீட்டோம். நான்கு சொற்கள் போயின போயினவே. காலத்தில் புதிய வரிசைக்கு மாறியிருந்தால், சொன்னவர் உயிரோடிருந்த நாளிலேயே வழுவைக் கண்டிருப்போம்.

ஆயினும் வந்த அன்றே நிறுவுவதும் அறிவுடைமை ஆகாது. 2025 ஜூன் 3இல் வெளியான 3.13.4இல் சில பெரும் பிழைகள் புகுந்துவிட்டன. அவற்றைத் திருத்தி, எட்டே நாளில், ஜூன் 11இல் 3.13.5 விரைந்து வெளியிடப்பட்டது. 2022 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு வெளியீடுகளோ, 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை எழுத்திலிருந்து மாற்றுவதற்கு வரம்பு விதித்தன. மிக நீண்ட எண்ணைக் கொடுத்துக் கணிப்பொறியை முடக்குவதைத் தடுப்பதற்காக இது செய்யப்பட்டது. பெரிய எண்களைக் கையாண்ட சில நிரல்கள் இதனால் இடையில் நின்றன. பராமரிப்பும் சிற்சில வேளை நடைமுறையை மாற்றும் என்பதற்கு இது சான்று.

நிறுவும் முறை

முதலாவது, நிரலையும் தரவையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். இரண்டாவது, தற்போதுள்ள பதிப்பெண்ணையும் துணை நூலகங்களின் பட்டியலையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பைத்தான் அமைப்பின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே கோப்பைப் பெற வேண்டும். லினக்ஸ் கணிப்பொறியில் இயங்குதளமே தன் வேலைக்கு ஒரு பைத்தானை வைத்திருக்கும். அதனை நீக்குதல் கூடாது. அதற்குரிய திருத்தங்கள் இயங்குதளத்தின் புதுப்பித்தலோடு வந்து சேரும்.

நான்காவது, மூன்றாம் எண் மட்டும் மாறினால் புதியது பழையதன் இடத்தில் அமரும். நூலகங்கள் பெரும்பாலும் அப்படியே இயங்கும். இரண்டாம் எண் மாறினால் இரண்டும் அருகருகே இருக்கும். நூலகங்களை மீண்டும் நிறுவ வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி மெய்நிகர்ச் சூழல் அமைத்துக்கொண்டால் ஒன்றின் மாற்றம் மற்றொன்றைத் தாக்காது. ஐந்தாவது, விடை தெரிந்த சிறு மாதிரி ஒன்றை வைத்துச் சோதித்த பின்னரே முழுப் பணிக்கு இறங்க வேண்டும். நாங்கள் இப்போது பத்துச் சொற்களை அவ்வாறு வைத்திருக்கின்றோம்; ஒன்று வெட்டுண்டாலும் உடனே தெரிந்துவிடும்.

காலமும் கருதத்தக்கது. பாதுகாப்புத் திருத்தத்தைச் சில நாட்களுக்குள் நிறுவிவிட வேண்டும். ஏனைய பராமரிப்பு வெளியீட்டுக்கு ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். புதிய பதிப்புக்கு மாறுவதைப் பருவ விடுமுறைக்கு ஒதுக்குக. தேர்வு வாரத்தில் அதனைத் தொடுதல் வேண்டா. நீர் பாயும்போது மதகைக் கழற்றுவார் இலர் அன்றோ?

மொழியில் சில வழக்கொழிவதும் சில புதிதாய்ப் புகுவதும் குற்றமாகா என வகுத்தார் நன்னூலார். இயற்கை மொழியில் அம்மாற்றம் நாள் குறித்து வருவதில்லை. நிரல்மொழியில் அது நாள் குறித்து, முன்கூட்டியே அறிவித்து வருகின்றது. அறிவிப்பைக் கேட்பதும் கேளாதிருப்பதும் நம் கையில் உள்ளன. எங்கள் அகராதி இன்று கணிப்பொறியிலும் தாளிலும் ஒருங்கே இருக்கின்றது. எந்தப் பதிப்பில் தொகுக்கப்பட்டது என்பது அதன் முதற்பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. இறுதிப் பக்கத்தில் நான்கு சொற்களின் முற்பாதிகள், வாலில்லாமல், அவ்வாறே அச்சாகியுள்ளன. பண்டசோழநல்லூரில் எவரேனும் அவற்றைப் படித்து முழுமை செய்வர் என்னும் நம்பிக்கையோடு அவற்றை விட்டுவைத்திருக்கின்றோம்.