கஞ்சி போட்ட பேய்

ஒஹையோவில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அக்டோபர் கடைசி வாரம் ஆர்.வி. எனும் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கேம்ப்கிரவுண்டுக்குப் போகிறார்களாம். ஹாலோவீனுக்கு அங்கே அவரவர் இடத்தை அலங்கரிக்கும் போட்டி உண்டு. குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு வண்டிக்கு வண்டி மிட்டாய் கேட்டு வருவார்கள். கடையில் காசைக் கொட்டாமல், பிள்ளைகளை வைத்துக்கொண்டே செய்யும்படி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

கொட்ட நினைத்தால் அதற்கு அங்கே எல்லையே கிடையாது. 2020-இல் ஹோம் டிப்போ கடை 12 அடி எலும்புக்கூடு ஒன்றை 299 டாலருக்கு விற்பனைக்கு விட்டது, அதற்கு அடிதடி. பெரிய கராஜ் உள்ளவர்கள் வாங்கட்டும். சட்டி பானை வைக்கவே இடம் தேடும் ஆர்.வி.யில் அதை எங்கே படுக்கவைப்பது? காற்றடைத்த பூதங்களும் சரிப்படாது. பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் இரவு 10 மணிக்கு அமைதி நேரம் தொடங்கிவிடும். காற்றூதும் விசிறியை அப்போது அணைத்தால் பூதம் பாயாக விரிந்து கிடக்கும். ஆகவே என் கட்சி இதுதான்: முடிந்தவரை வண்டியின் சமையலறையில் ஏற்கெனவே இருப்பதை வைத்துச் செய்யுங்கள்.

பால் வருகிற ஒரு கேலன் பிளாஸ்டிக் கேன்களைக் கழுவி, கறுப்பு மார்க்கரால் கண்ணும் வாயும் வரைந்து, பின்பக்கம் ஓட்டை போட்டு எல்.இ.டி. சரத்தைத் திணித்தால் மண்டையோடு தயார். அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பல்பு தனியாகத் தெரியாமல் கேன் முழுக்க ஒளிரும். காற்றில் உருளாதிருக்க அடியில் சரளைக்கல் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று: உடம்பே இல்லாமல் நிற்கும் பேய். பெரிய சோடா பாட்டிலின் தலையில் ஊதிய பலூனை ஒட்டி, கைகளுக்குக் கம்பி கட்டி, பிளாஸ்டிக் விரிப்பின்மேல் நிறுத்துங்கள். சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியில் பருத்திச் சல்லாத்துணியை முக்கிப் பிழிந்து அதன்மேல் போர்த்துங்கள். ஓரம் தரையில் படிய வேண்டும், இல்லாவிட்டால் பேய்க்குக் கால் நிற்காது. ராத்திரி முழுக்கக் காயட்டும். காலையில் பலூனைக் குத்தி உடைத்துப் பாட்டிலை உருவிவிட்டால் துணி மட்டும் ஆள் மாதிரி நிற்கும். உள்ளே வெறும் காற்று!

வடிகஞ்சியில் முக்கிக் கொடியில் போட்ட அப்பாவின் வேட்டி, மடிக்க விடாமல் பலகைபோல விறைத்து நின்றதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வித்தை புதிதல்ல. பருத்தியின் செல்லுலோசும் கஞ்சியின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிகள்தாம், ஒரே குடும்பம். சூடேறும்போது மாவுத் துகள்கள் உப்பி வெடிக்கின்றன; சங்கிலிகள் அவிழ்ந்து நூலிழைகளுக்கு நடுவே நுழைகின்றன. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, அவை ஒன்றோடொன்றும் பருத்தியோடும் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிவிடுகின்றன. பாலியஸ்டரில் இந்த ஒட்டுறவு வராது. மலிவாகக் கிடைக்கிறதென்று அந்தத் துணியை வாங்கினால் பேய் குப்புற விழும்.

ஈரம் பட்டால் அந்தப் பிணைப்பு தளர்ந்துவிடும். அக்டோபர் இரவில் பனி இறங்கும் இடங்களில் வெட்டவெளியில் நிறுத்திய பேய் விடிவதற்குள் தோள் சரிந்து நிற்கும். திறந்த வானத்தைப் பார்த்து வெப்பத்தை இழக்கும் பொருள்மேல்தான் பனி நன்றாகப் படியும் என்பதால், ஆர்.வி.யின் பக்கவாட்டில் விரியும் ஆவ்னிங்குக்கு அடியில் நிறுத்தினால் பெரும்பாலும் தப்பிக்கும். உள்ளே மெழுகுவத்தி கூடவே கூடாது. காய்ந்த பருத்தியும் மாவுச்சத்தும் பற்றிக்கொண்டால் நிற்காது. கேம்ப்ஃபயர் வளையத்திலிருந்தும் தள்ளியே வையுங்கள். எல்.இ.டி. போதும். ஊருக்குத் திரும்பும்போது வெந்நீரில் அலசினால் கஞ்சி போய்விடும், துணியை மடித்து அலமாரியில் சொருகிக்கொள்ளலாம்.

கடையில் பைபையாக விற்கும் பஞ்சுச் சிலந்திவலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். அதை இழுத்து மரக்கிளையில் படரவிடுகிறார்கள். அந்த மெல்லிய இழையில் சிறு பறவைகளும் வௌவால்களும் ஆந்தைகளும் சிக்கிக்கொள்வதைக் காட்டுயிர் மீட்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியும் விற்பனை நிற்கவில்லை. பண்டிகை முடிந்ததும் அதைப் பிரித்தெடுப்பவரும் அபூர்வம். காட்டுக்குள் வண்டியை நிறுத்திவிட்டு அங்கே குடியிருப்பவற்றுக்குக் கண்ணி வைப்பது என்ன விருந்தாளித்தனம்? மரத்தில் ஆணி அடிப்பதும், செதுக்கிய பூசணியைப் புதருக்குள் எறிந்துவிட்டுப் போவதும் இதே ரகம்தான்.

வலை வேண்டுமென்றால் தடித்த வெள்ளைக் கயிற்றை வண்டியின் ஏணியில் பெரிய பெரிய கட்டங்களாகக் கட்டுங்கள். பறவை தாராளமாகப் புகுந்து போகலாம். சிலந்திக்குக் கறுப்புக் குப்பைப் பைகள் இரண்டு: ஒன்றில் நிறையச் சருகும் ஒன்றில் கொஞ்சமும் அடைத்துச் சேர்த்துக் கட்டினால் வயிறும் தலையும் ஆயிற்று. கால்களுக்குக் குழாய்மேல் மாட்டும் கறுப்பு நுரை உறை எட்டுத் துண்டு. கிளம்பும் அன்று சருகை அள்ளிய இடத்திலேயே கொட்டிவிட்டு, அதே பையில் வண்டிக் குப்பையைக் கட்டிக்கொள்ளுங்கள்.